கைக்கு அடக்கமான போனா, நல்ல கேமராவா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கையில் அடங்குகிற போன் வேண்டும். எடுக்கிற படமும் நன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டு விருப்பத்துக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல், திரை கீறிப்போன பழைய போனையே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் என் நண்பர்களில் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "சின்னதை வாங்கிவிட்டு, கேமரா போதவில்லையே என்று பின்னால் வருத்தப்படுவேனா?"

நான் ஒரு நாள் அப்படி வருத்தப்பட்டிருக்கிறேன். மகளின் பள்ளி ஆண்டு விழா. பன்னிரண்டாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேடைக்கும் எனக்கும் ஏறத்தாழ 20 மீட்டர். கையில் இருந்தது, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இல்லாத சிறிய போன். திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஆடுகிற ஆறு குழந்தைகளில் என் மகள் யார் என்பதை உடையின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் தீற்றல். தலைமுடி பின்னாலிருந்த திரைச்சீலையோடு கரைந்துபோயிருந்தது. மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வரைந்துகொண்டிருந்ததை அதே போனில் எடுத்தேன். புருவ முடி ஒவ்வொன்றும் தெரிந்தது.

ஒரே போன், ஒரே முகம். இடையில் மாறியவை தூரமும் வெளிச்சமும்தான். அதனால் சிறிய போனின் கேமரா நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நீங்கள் படமெடுப்பவை வழக்கமாக உங்களிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கேளுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

தூரம். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. போன்களின் முதன்மை லென்ஸ், பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சுமார் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம். 20 மீட்டர் தள்ளி நின்றால் அந்த லென்ஸ் ஏறத்தாழ 29 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவரும். 12 மெகாபிக்சல் படம் குறுக்காகச் சுமார் 4,000 பிக்சல், அதாவது 4,000 புள்ளிகள். 15 செ.மீ. அகலமுள்ள ஒரு முகத்துக்கு அதில் கிடைப்பது 20 பிக்சல் மட்டுமே. என் ஆண்டு விழாப் படங்களின் கதை இதுதான். விரலால் பெரிதாக்கியபோது போன் அந்த 20 பிக்சலை ஊதிக் காட்டியது. புதிதாக எதையும் பார்க்கவில்லை. என் அனுபவத்தில், முகபாவம் தெரிய 50 பிக்சலாவது வேண்டும். அச்சிட்டு மாட்டத் தகுந்த முகத்துக்கு 100.

வெளிச்சம். மாலை மங்கிய பிறகு படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது, ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் பரப்பும் லென்ஸ் துவாரத்தின் அகலமும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவே இல்லை. 50 மெகாபிக்சல் சென்சார்கள் பெரும்பாலும் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. சென்சாரின் பரப்பைத் தேடிப் பாருங்கள். அந்த எண் பொய் சொல்லாது.

தாக்குப்பிடிப்பது. பத்து நிமிடம் தொடர்ந்து வீடியோ எடுத்தால் சூடாகாமல், பேட்டரி சரியாமல் நிற்கிறதா?

கைக்கு அடக்கம். ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன். கட்டைவிரல் ஷட்டர் பொத்தானை எட்டுகிறதா? பையில் கனக்கிறதென்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறீர்களா?

பின்னால் வரும் செலவு. சேமிப்பிடம், பேட்டரி மாற்றுவது, உறை, மெமரி கார்டு, நேரம்.

மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனில் கடைசியாக எடுத்த 200 படங்களைத் திறந்து, ஜூம் செய்து எடுத்தவை எத்தனை என்று எண்ணுங்கள். படத்தின் விவரங்களைத் திறந்தால் எந்த லென்ஸில் எடுத்தது என்று பெரும்பாலான போன்கள் காட்டும். பத்துக்குக் கீழே என்றால் டெலி லென்ஸுக்காகப் பணம் கொடுப்பதை மறந்துவிடலாம். நாற்பதைத் தாண்டினால் முதல் வழியைத் தாண்டிப் போய்விடுங்கள். இந்த எண்ணிக்கையைப் போல உங்களை நன்றாக அறிந்த ஆலோசகர் வேறு யாரும் இல்லை.

## வழி ஒன்று: டெலி லென்ஸ் இல்லாத சிறிய போன்

இந்த வகையின் தெளிவான உதாரணம் 2021இல் வந்த ஐபோன் 13 மினி. 5.4 அங்குலத் திரை, 141 கிராம், பின்பக்கம் ஒரு முதன்மைக் கேமராவும் ஓர் அகலக் கோணக் கேமராவும். 2023இல் வந்த ஆசுஸ் ஜென்போன் 10 இன்னொன்று: 5.9 அங்குலம், 172 கிராம், நடந்தபடி எடுத்தாலும் அதிராத வகையில் லென்ஸையே தாங்கிப்பிடிக்கும் அமைப்பு. மினியின் விற்பனையை ஆப்பிள் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இப்போது முன்னணி நிறுவனங்கள் சிறியது என்று விற்பவை பெரும்பாலும் 6.1 முதல் 6.3 அங்குலம்.

மூன்று மீட்டருக்குள் நடக்கும் வாழ்க்கைக்கு இந்த வகையில் ஒரு குறையும் இல்லை. மேசை, பூந்தொட்டி, ரசீது, தூங்குகிற குழந்தை, பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் எல்லாமே முதன்மை லென்ஸின் எல்லைக்குள் அடங்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டி, இது பெரிய போனில் எடுத்ததா சிறியதிலா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பிறர் கவனிக்காமல் சட்டென்று எடுப்பதற்கும் இதைப் போல வசதி வேறில்லை. பெரிய போனைத் தூக்கினால் அறையில் உள்ள எல்லாரும் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். சிறியதை யாரும் கவனிப்பதில்லை.

புதிய தலைமுறையில் ஒரு முன்னேற்றமும் உண்டு. ஐபோன் 15, 16 போன்றவற்றின் 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு மடங்கு நெருக்கத்தில் 12 மெகாபிக்சல் படம் தருகிறார்கள். 20 மீட்டர் கணக்கில் முகத்துக்கு 40 பிக்சல். மினியின் இருபதைவிட இரண்டு மடங்கு, ஆனாலும் ஐம்பதுக்குக் கீழே.

எச்சரிக்கை இரண்டு. சிறிய போன்கள் எல்லாம் ஒன்றல்ல: 2022இன் ஐபோன் எஸ்இ கையில் கச்சிதமாக அடங்கும், ஆனால் அதில் இரவுப் பயன்முறையே கிடையாது. அடுத்தது, மெல்லிய போன்களைச் சிறியவை என்று நினைத்து வாங்குவது. 2025இல் வந்த கேலக்ஸி எஸ்25 எட்ஜின் தடிமன் 5.8 மி.மீ., ஐபோன் ஏரின் தடிமன் 5.6 மி.மீ. திரை பெரியது, டெலி லென்ஸ் இரண்டிலும் இல்லை. ஐபோன் ஏரில் பின்பக்கம் இருப்பதே ஒரு கேமராதான். மெலிவுக்காக எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பேட்டரியில் இருக்கிறது. மினி இப்போது பெரும்பாலும் பழைய போனாகவே கிடைக்கும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் அமைந்தது என்று ஆப்பிளே சொல்கிறது. பேட்டரி ஏற்கெனவே சிறியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் வீடியோ எடுக்கிற நாளில் மதியத்துக்குள் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். பேட்டரி மாற்றும் செலவையும் வாங்கும் விலையோடு கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

## வழி இரண்டு: டெலி லென்ஸ் உள்ள சிறிய போன்

"சிறியது என்றால் கேமராவில் ஒரு படி கீழே" என்பது நெடுங்காலம் உண்மையாகவே இருந்தது. அது அண்மையில் மாறிவிட்டது. பலர் இன்னும் கவனிக்கவில்லை. 2023இல் ஐபோன் 15 புரோவில் 3 மடங்கு டெலி (முதன்மை லென்ஸைவிட 3 மடங்கு நெருக்கிக் காட்டுவது), அதன் பெரிய அண்ணனான புரோ மேக்ஸில் மட்டும் 5 மடங்கு. 2024இல் ஐபோன் 16 புரோ, புரோ மேக்ஸ் இரண்டிலும் 5 மடங்கு. அதே ஆண்டு கூகுள் பிக்சல் 9 புரோவை 6.3 அங்குலத்தில் கொண்டுவந்து, 6.8 அங்குல எக்ஸ்எல்லில் உள்ள அதே கேமராக்களை அதிலும் வைத்தது. சாம்சங்கின் 6.2 அங்குல கேலக்ஸி எஸ்24, எஸ்25 ஆகியவற்றில் 3 மடங்கு டெலி இருக்கிறது. 5 மடங்கைப் பெரிய மாடலான அல்ட்ராவுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் போனின் தடிமன். முதன்மை லென்ஸின் உண்மையான குவிய தூரம் ஐந்தாறு மி.மீ.தான். அதே அளவு சென்சாரில் 5 மடங்கு நெருக்கம் வேண்டுமென்றால் 28 மி.மீ. அளவுக்கு இடம் தேவை. போனின் தடிமனோ 8 மி.மீ. அதனால் ஒரு பட்டகத்தை வைத்து ஒளியை உள்ளே 90 பாகை திருப்பி, லென்ஸ் வரிசையைப் போனுக்குள் படுக்கவைத்தார்கள். 2019இல் ஹுவாவே பி30 புரோ இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஆனால் படுக்கவைத்த லென்ஸுக்குப் போனின் அகலத்தில் இடம் வேண்டும். சிறிய போனில் அந்த இடத்தைப் பேட்டரி பிடித்துக்கொள்கிறது.

### 3 மடங்கா, 5 மடங்கா?

இந்த வழியில் இறங்குபவர்களுக்கு உண்மையான குழப்பம் இங்கேதான். 20 மீட்டர் கணக்கில், 3 மடங்கு டெலி முகத்துக்கு ஏறத்தாழ 50 பிக்சல் தரும். 5 மடங்கு 100 தரும். மேடை, மைதானம், மரக்கிளையில் பறவை என்றால் 5 மடங்கே.

ஆனால் ஓர் அறைக்குள் மனிதர்களை எடுப்பதற்கு 3 மடங்கு போல இதமானது வேறில்லை. முதன்மை லென்ஸில் முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 3 மடங்கில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும். 5 மடங்கில் அதே முகத்தை அதே அளவில் எடுக்க மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். பெரும்பாலான அறைகளில் முதுகு சுவரில் இடித்துவிடும்.

இன்னொன்று, 5 மடங்கு டெலி உள்ள போனில் 3 மடங்கு வைத்தால் டெலி வேலை செய்யாது. முதன்மைச் சென்சாரின் நடுவில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் வெட்டி எடுக்கும். 48 மெகாபிக்சலில் அது 5 மெகாபிக்சல் சொச்சம். அதாவது நீங்கள் மனிதர்களை எடுக்க அதிகம் பயன்படுத்தும் தூரத்தில், விலை அதிகமான அந்த லென்ஸ் சும்மா இருக்கும். குடும்பத்தாரையும் நண்பர்களையும் எடுப்பவர் என்றால் 3 மடங்கு உள்ளதையே வாங்குங்கள் என்பேன். எண் சிறியது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம்.

### விரல் சோதனை

டெலி லென்ஸ் இருக்கிறதே என்று மங்கிய வெளிச்சத்திலும் அதை நம்புவது இந்த வழியின் பெரிய ஏமாற்றம். ஒருநாள் மாலை விளக்கு ஒன்று மட்டும் எரிந்த அறையில், 3 மடங்கில் வைத்து, பின்பக்கத்து டெலி லென்ஸை விரலால் மூடினேன். திரை இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை. அலமாரியும் புத்தகங்களும் அப்படியே தெரிந்தன. விரலை நகர்த்தி முதன்மை லென்ஸின் மேல் வைத்தேன், உடனே கறுத்தது. போன் சொல்லாமல் கொள்ளாமல் டெலியை விட்டுவிட்டு, முதன்மைக் கேமராவின் படத்தை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

அது தவறு செய்யவில்லை. கேலக்ஸி எஸ்24ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். முதன்மை, டெலி இரண்டிலும் ஒரு பிக்சலின் பக்கம் 1 மைக்ரோமீட்டர். 50 மெகாபிக்சல் முதன்மைச் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மி.மீ.; 10 மெகாபிக்சல் டெலியின் பரப்பு 10 சதுர மி.மீ. முதன்மையில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டினால் 5.6 சதுர மி.மீ. மிஞ்சும். ஆனால் முதன்மை லென்ஸின் துவாரம் எஃப் 1.8, டெலியினுடையது எஃப் 2.4 (எண் சிறிதானால் துவாரம் பெரிது), அதே பரப்பில் முதன்மை 1.8 மடங்கு ஒளியை உள்ளே விடும். பெருக்கினால் 10 வருகிறது. இரண்டும் சமம். இரவில் டெலியால் ஒளிக் கணக்கில் ஓர் ஆதாயமும் இல்லை. பகலில் மட்டும் பிக்சல் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது.

பொருளுக்கு மிக அருகில் போனாலும் இதே மாற்றம் நடக்கும், ஏனென்றால் டெலி லென்ஸ்களால் சற்றுத் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் செய்ய முடியும். ஆகவே டெலி உள்ள சிறிய போனைப் பகல்நேரத் தூரத்துக்கும் மனித முகங்களுக்கும் வாங்குங்கள். இருட்டு மேடைக்கு அது பாதி விடைதான்.

எடையையும் பாருங்கள். எஸ்25 162 கிராம், உண்மையிலேயே இலேசு. பிக்சல் 9 புரோவும் ஐபோன் 16 புரோவும் 199 கிராம். அளவு சிறியது, கனம் சிறியதல்ல. சட்டைப்பையில் போட்டுக் குனிந்தால் தெரியும்.

## வழி மூன்று: பெரிய போன்

கேமராவுக்காகப் பெரியதை வாங்கும் முன், உங்கள் கண் போகும் நிறுவனத்தில் சிறியதற்கும் பெரியதற்கும் கேமராவில் வேறுபாடு உண்டா என்று பாருங்கள். பிக்சல் 9 புரோ வரிசையிலும் ஐபோன் 16 புரோ வரிசையிலும் இல்லை. அங்கே கூடுதல் பணம் திரைக்கும் பேட்டரிக்கும்தான். சாம்சங்கில் உண்டு: எஸ்24இன் முதன்மைச் சென்சார் 50 சதுர மி.மீ. என்றால், எஸ்24 அல்ட்ராவினுடையது 70க்குச் சற்று மேல். டெலியும் 3, 5 என இரண்டு. அல்ட்ராவிலேயே முன்பு 10 மடங்கு டெலி இருந்தது. எஸ்24 அல்ட்ராவில் அதை எடுத்துவிட்டு 50 மெகாபிக்சல் 5 மடங்கை வைத்தார்கள்.

இன்னும் மேலே ஷாவ்மி 14 அல்ட்ரா போன்றவை "1 அங்குல" சென்சாருடன் வருகின்றன. பெயரைப் பார்த்து 25 மி.மீ. என்று எண்ண வேண்டாம். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. இந்தப் போன்களில் உண்மை அளவு ஏறத்தாழ 13.1 × 9.8 மி.மீ. அப்படியும் பரப்பு ஏறத்தாழ 128 சதுர மி.மீ., எஸ்24ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். இரவுத் தெருவில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் சென்சார் பெரிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துபோகிறது. ஒரு பக்கத் தாளை நெருங்கி எடுத்தால் நடு எழுத்து கூராகவும் ஓர எழுத்து கலங்கியும் வரும். கொஞ்சம் பின்னால் போய்ப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். ஆவணங்களை அதிகம் எடுப்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை.

பெரிய போன் ஐயமில்லாமல் வெல்வது வீடியோவில். சிறிய உடலில் சூடு வெளியேறப் பரப்பு குறைவு. வெயிலில் 4கே வீடியோவைத் தொடர்ந்து எடுத்தால் முதலில் திரை மங்கும், பிறகு பதிவு நின்றுபோகலாம். எஸ்24இன் பேட்டரி 4,000 எம்ஏஎச், எஸ்24 அல்ட்ராவினுடையது 5,000. ஒரு மணி நேர நிகழ்ச்சியை முழுதாகப் பதிவு செய்பவர், பேசி வீடியோ வெளியிடுபவர், கண்ணாடி இல்லாமல் சிறிய திரையில் ஃபோகஸ் சரியா என்று பார்க்கத் திணறுபவர் ஆகியோருக்குச் சிறிய போனை நான் சொல்ல மாட்டேன்.

பின்னால் வரும் செலவு எளிதில் கண்ணில் படாதது: எடுக்காமல் விட்ட படங்கள். ஐபோன் 16 புரோ மேக்ஸ் 227 கிராம். உறை போட்டால் இன்னும் கூடும். என் மனைவி இரண்டு ஆண்டு பெரிய போன் வைத்திருந்தாள். ஓடிவரும் குழந்தையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் எடுக்க முயன்று, ஷட்டர் பொத்தானைக் கட்டைவிரல் எட்டாமல் போன தருணங்கள் எத்தனையோ. ஒலி பொத்தானையே ஷட்டராகப் பயன்படுத்தலாம் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் தேறியது.

## வழி நான்கு: சிறிய போனும் தனிப் பாக்கெட் கேமராவும்

போனை அழைப்புக்கும் அன்றாடப் படத்துக்கும் விட்டுவிட்டு, படத்துக்கென்று தனியே ஒன்று. இதில் நேரெதிரான இரண்டு வகை உண்டு.

ரிக்கோ ஜிஆர் 3இல் ஜூமே கிடையாது, 28 மி.மீ. நிலைத்த லென்ஸ் ஒன்றுதான். 257 கிராம் உடலில் 23.5 × 15.6 மி.மீ. சென்சார்: எஸ்24இன் முதன்மைச் சென்சாரைப் போல ஏழு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. மாலைத் தெரு, ஜன்னல் வெளிச்சம், நிழலின் நிறம் ஆகியவற்றில் மனதைப் பறிகொடுத்தவர்களுக்கு இதைப் போன்ற கேமரா ஒரு வரம். ஆனால் 20 மீட்டரில் முகத்துக்கு 35 பிக்சல்தான் வரும். என் ஆண்டு விழாவுக்கு இது உதவியிருக்காது.

சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு 302 கிராம், 1 அங்குலச் சென்சார், 24இலிருந்து 200 மி.மீ. வரை உண்மையான ஜூம். 20 மீட்டரில் முகத்துக்கு 230 பிக்சல். நெருக்கத்தின் உச்சியில் துவாரம் எஃப் 4.5 ஆகக் குறுகினாலும், சென்சார் பெரியது என்பதால் எஸ்24இன் டெலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி கிடைக்கும். மேடைக்கு நேரடி விடை இதுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். ஒரு சார்ஜுக்கு ஜிஆர் 3 சுமார் 200 படம், ஆர்எக்ஸ்100 சுமார் 260 படம். உதிரி பேட்டரி வாங்காமல் முடியாது. மெமரி கார்டு வேறு. இன்றைய முன்னணிப் போன்கள் தண்ணீரில் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. உள்ளிழுத்து வெளிவரும் லென்ஸ் கொண்ட இந்தக் கேமராக்கள் தூசிக்கும் சாரலுக்கும் அஞ்சுபவை. எடுத்த படத்தை உடனே யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால், முதலில் அதைப் போனுக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டை முதல் நாளே உணர்வீர்கள். போன் ஒரே சொடுக்கில் பல படங்களை எடுத்து, வானத்தையும் முகத்தையும் சேர்த்துச் சமன்செய்து தருகிறது. தனிக் கேமரா, வெளிச்சத்துக்கு எதிரே நிற்பவரை எடுத்தால், வானம் வெளுத்துப்போகும் அல்லது முகம் கறுத்துப்போகும். கணினியில் திருத்த உட்கார வேண்டும். அந்த உட்காரலை விரும்புபவருக்கு மட்டுமே இந்த வழி. விரும்பாதவர் வாங்கினால் மூன்றாவது மாதமே அது அலமாரிக்குப் போய்விடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | டெலி இல்லாத சிறியது | டெலி உள்ள சிறியது | பெரிய போன் | சிறியது + தனிக் கேமரா |
|---|---|---|---|---|
| எடை | 141–172 கிராம் | 162–199 கிராம் | 218–232 கிராம் | போனோடு மேலும் 257–302 கிராம் |
| 20 மீட்டரில் முகம் | 20–40 பிக்சல் | 50–100 பிக்சல் | ஏறத்தாழ 100 பிக்சல் | 35–230 பிக்சல் |
| அறைக்குள் முகம் | சுமார் | 3 மடங்கு என்றால் மிக நன்று | நன்று | மிக நன்று |
| இரவு, அசையாத காட்சி | நன்று | நன்று | மிக நன்று | முக்காலி இருந்தால் மிக நன்று |
| இரவு, அசைகிற ஆள் | சுமார் | சுமார் | சற்று மேல் | நன்று |
| நீண்ட வீடியோ | கடினம் | ஓரளவு | மிக நன்று | ஓரளவு |
| ஒரு கையில் எடுப்பது | மிக எளிது | எளிது | கடினம் | போனில் எளிது |
| மறைந்த செலவு | பேட்டரி மாற்றம் | கூடுதல் விலை | எடுக்காமல் விட்டவை | உதிரி பேட்டரி, கார்டு, நேரம் |

இரவில் அசைகிற ஆள் என்ற வரிசையில் எந்தப் போனுக்கும் நான் "நன்று" போடவில்லை. இரவுப் பயன்முறை பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. அசையாத கட்டடம் அதில் அழகாக வரும். ஆடுகிற குழந்தை இழுபட்டுப்போகும்.

சேமிப்பிடச் செலவு நான்கு வழிக்கும் பொது. 60 பிரேம் 4கே வீடியோ ஐபோனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி. பத்து நிமிடத்துக்கு 4 ஜிபி. முன்னணிப் போன்கள் பலவற்றில் இப்போது மெமரி கார்டு போட இடமே இல்லை. கூகுள் போட்டோஸின் வரம்பில்லா இலவசச் சேமிப்பும் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. குழந்தைகளை வீடியோ எடுப்பவர், ஒரு படி உயர்ந்த கேமராவுக்குக் கொடுக்கும் பணத்தை இருமடங்கு சேமிப்பிடத்துக்குக் கொடுப்பது பல நேரம் புத்திசாலித்தனம்.

## என் தேர்வும், கடையில் செய்ய வேண்டிய சோதனையும்

என் 200 படங்களில் ஜூம் செய்தவை 31. அவற்றில் பாதிக்கு மேல் ஓர் அறைக்குள் எடுத்த முகங்கள். அதனால் 3 மடங்கு டெலி உள்ள சிறிய போனுக்கு மாறினேன். ஆண்டு விழா ஆண்டுக்கு ஒரு நாள். அதற்காக மற்ற நாளெல்லாம் பெரிய போனைச் சுமப்பதில் எனக்கு விருப்பமில்லை. அடுத்த விழாவுக்கு நண்பரிடம் நீண்ட ஜூம் உள்ள பாக்கெட் கேமராவை இரவல் வாங்கிப் போனேன். அந்தப் படங்களில் ஒன்று இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது. அரிய தேவைக்கு இரவலோ வாடகையோ போதும் என்றால், போனைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவோ எளிதாகிவிடுகிறது.

வாங்கப் போகும்போது கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். போனை ஒரே கையில் பிடித்து, அவரை இரண்டு மீட்டரில் 3 மடங்கில் ஒன்று, கடையின் மறுகோடியில் நிற்கவைத்து அதிகபட்ச டெலியில் ஒன்று, கையை ஆட்டிக்கொண்டே நடந்துவரச் சொல்லி ஒன்று என மூன்று படம் எடுங்கள். டெலியில் வைத்திருக்கும்போது லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். பிறகு அந்தப் படங்களை விரித்து, கண்ணிமை தெரிகிறதா என்று பாருங்கள். பளபளக்கும் திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எல்லாப் போனும் அழகாகத்தான் காட்டும். கடைகளில் வெளிச்சம் வேண்டுமென்றே அதிகமாக வைத்திருப்பார்கள். மேசைக்கு அடியில், ஒரு மூலையில், எங்கே இருட்டு கிடைக்கிறதோ அங்கே ஒரு படம் கூடுதலாக எடுத்துவிடுங்கள்.